கலர் பிரிண்ட்டில் நிறம் மாறி வருகிறதா? எந்த மை வரவில்லை என்று முதலில் பாருங்கள்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நிறம் பிசகி வந்தால், நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் ஹெட் கிளீனிங் (மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் என்ற பாகத்தைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்துவிடுகிறோம். உண்மையில் அது அவசரப்பட்டுச் செய்யக்கூடிய வேலை இல்லை. ஒவ்வொரு கிளீனிங்கின்போதும் நல்ல மையும் சேர்த்தே உறிஞ்சப்பட்டு, பிரிண்டருக்குள் இருக்கும் கழிவு மைப் பஞ்சில் போய்ச் சேருகிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாகப் பிரிண்டர் கணக்கிட்டுவிட்டால், அதை மாற்றும்வரை பல மாடல்கள் ஒரு பக்கம்கூட அச்சிடாமல் நின்றுவிடும். ஆகவே கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதை அச்சான படமே பாதி சொல்லிவிடும். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களில் இருப்பவை சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் ரோஜா நிறம்), மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகள்தாம். சயானும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகவும், மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பாகவும், சயானும் மெஜந்தாவும் சேர்ந்து நீலமாகவும் தெரிகின்றன. எங்கள் வீட்டுத் திருமணப் படம் ஒன்றை அச்சிட்டபோது கிளிப்பச்சைப் பட்டுப்புடவை வெளிர்நீலமாகவும், நெற்றிக் குங்குமம் ரோஜா நிறமாகவும் வந்தன. பச்சையிலும் சிவப்பிலும் பொதுவாக இருப்பது மஞ்சள். ஆகவே வராமல் போனது மஞ்சள் மை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. இதேபோல், சிவப்பு மஞ்சளாகவும் முகங்கள் பச்சை பாய்ந்தும் வந்தால் மெஜந்தா வரவில்லை. வானம் இளஞ்சிவப்பாகவும் இலைகள் மஞ்சளாகவும் வந்தால் சயான் வரவில்லை.

இந்த ஊகத்தை நாசில் செக் (ஹெட்டில் மை வரும் நுண்துளைகளைச் சோதிப்பது) செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பிரிண்டர் மென்பொருளின் மெயின்டனன்ஸ் பகுதியில் இருக்கும் இந்தச் சோதனை, ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் படிக்கட்டு போன்ற சிறு கோடுகளை வெள்ளைத் தாளில் அச்சிடும். கோடு விட்டுப்போன இடம், மை வராத துளையின் இடம். மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகப் படாது என்பதால், அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசித் திரையை முழு நீலமாக வைத்து அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிக்கொள்வதால், கோடுகள் கறுத்துத் தெரியும். விடுபட்ட இடமும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

கோடுகள் எல்லாம் முழுமையாக இருந்தால் ஹெட்டில் அடைப்பு இல்லை. கிளீனிங்கைத் தொடவே வேண்டாம். பிழை பெரும்பாலும் செட்டிங்கில்தான் இருக்கும். நிறமில்லாமல் கறுப்பு-வெள்ளையில் அச்சிடும் கிரேஸ்கேல் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, தாளின் வகை. போட்டோ பேப்பரை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று தேர்ந்தெடுத்தால், மையின் அளவு அந்தத் தாளுக்குப் பொருந்தாமல் நிறங்கள் சோர்ந்துவிடும். பளபளப்பான பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தில் அச்சிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறுதான். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் சற்று மங்குவது கோளாறே இல்லை. திரை ஒளியைக் கலந்து காட்டுகிறது, தாள் மையைக் கலந்து காட்டுகிறது.

கோடுகள் விட்டுப்போயிருந்தால் முதலில் மை அளவைப் பாருங்கள். டேங்க்கில் மை கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அந்த நிலையில் எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் பயன் இராது. மை போதுமான அளவு இருந்தால் ஒரு முறை கிளீனிங், உடனே ஒரு நாசில் செக் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் சரியாகாவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு, பிரிண்டரை அணைத்து இரவு முழுவதும் சும்மா விடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். இந்த இடைவெளியில் காய்ந்த மை இளகவும், காற்றுக் குமிழ்கள் விலகவும் வாய்ப்பு உண்டு. ஆத்திரத்தில் ஏழெட்டு முறை தொடர்ந்து கிளீனிங் கொடுத்து அரை டேங்க் மையைத் தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு. பொறுமையாக விட்டிருந்தால் மறுநாள் காலையில் தானே சரியாகியிருக்கும்.

மூன்று நிறங்களும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும் பிரிண்டர்களில், ஹெட்டும் பெரும்பாலும் அந்தக் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். அதை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியின் மேல் துளைப்பக்கம் படும்படி ஒரு நிமிடம் வையுங்கள். துணியில் மூன்று நிறக் கறையும் தனித்தனியாக விழுந்தால் அடைப்பு விலகிவிட்டது என்று கொள்ளலாம். செம்புத் தொடர்புப் புள்ளிகளின்மேல் ஈரமும் விரலும் படக் கூடாது. ஹெட் பிரிண்டரிலேயே பொருத்தப்பட்ட மாடல்களில் ஊசியாலோ ஸ்பிரிட்டாலோ துளைகளைச் சீண்டாதீர்கள்.

நிறம் சரியாக இருந்தும் எழுத்தின் ஓரத்தில் வேறு நிறம் நிழல்போலத் தெரிந்தால், ஹெட்டை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் செய்தால் போதும்.

மறுபடி அடைக்காமல் இருக்க, வாரம் ஒரு முறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பவர் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் அமரும். அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள ஸ்விட்சைத் தட்டிவிட்டால், ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்று மை காய்ந்துவிடும்.

ஒவ்வொரு நாசில் செக் தாளிலும் தேதியும் நேரமும் குறித்து வைத்திருங்கள். விடுபட்ட இடம் தாளுக்குத் தாள் மாறிக்கொண்டே இருந்தால் காற்று நுழைகிறது என்று பொருள்; ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விடுபட்டால் அந்தத் துளை அடைத்திருக்கிறது அல்லது பழுதாகிவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.