பின்பெஞ்சிலிருந்து எழுந்த கதை

பாளையங்கோட்டையில் திடப்படுத்தல் (சர்ச்சில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) முடித்தவன்தான் நான். ஆனால் கல்லூரிக்குப் போன பிறகு ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து நேரம் வந்தாலே கால் நகராது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே போய் முழங்காலிடுவார்கள். நான் பின்பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிறு நம்பிக்கை, திங்கள் சந்தேகம். இரண்டு வருஷம் இப்படியே.

முதலில் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாத வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று எண்ணினேன். வீண் வேலை.

பெரியம்மாதான், "ஏலே, பைபிள்ல மாற்கு சுவிசேஷம் மட்டும் படி. 16 அதிகாரம்தானே, ராத்திரிக்கு ஒண்ணு" என்றார்கள். ஒன்பதாம் ராத்திரி மாட்டிக்கொண்டேன். வலிப்பு வரும் மகனைக் கொண்டுவந்த தகப்பன் 24ஆம் வசனத்தில், விசுவாசிக்கிறேன் என்கிறான். அதே மூச்சில் என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்றும் கெஞ்சுகிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமாகிறான்.

சந்தேகம் முழுக்கத் தீரட்டும் என்றல்லவா நான் காத்திருந்தேன்!

அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போனேன். முழங்கால் நடுங்கியது. பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை; கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். குழந்தைகள் ஏன் நோயில் சாகிறார்கள் என்ற கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.