சிட்னி வீட்டுக் கூரையில் ஸ்கைலைட் போடுமுன்

ஊரில் ஓட்டுவீட்டுக் குசினிக்கு ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதும். அடுப்புப் புகைக்குள்ளால் வெளிச்சம் சாய்ந்து இறங்கும். உப்புப் போத்தல் எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்று தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் இங்கே இருண்ட நடையைப் பார்த்தவுடன் "ஒரு ஸ்கைலைட் போட்டுவிடுவோம்" என்கிறோம்; அதாவது வெளிச்சத்துக்காகக் கூரையில் வெட்டி வைக்கும் கண்ணாடி. போடலாம். ஆனால் ஊர் ஓடுகளின் இடுக்கால் வெக்கை வெளியேறிவிடும். இங்குள்ளது சீலிங்குக்கு மேல் இன்சுலேஷன் (சூட்டைத் தடுக்கும் விரிப்பு) விரித்து இறுக மூடிய வீடு. உள்ளே வந்த சூடு லேசில் போகாது.

நாங்கள் முதலில் இருந்த வீட்டில், கூரையின் மேற்குச் சரிவில் பழைய பிளாஸ்டிக் ஸ்கைலைட் ஒன்று. தை மாதத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு அதன் கீழிருந்த சாப்பாட்டு மேசையில் கை வைக்க முடியாது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள். 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் வெக்கை பதிவானது. மேற்குச் சிட்னியில் வீடு பார்ப்பவர்கள் அதை மறக்கக்கூடாது.

கணக்கு எளிது. கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே விடும். கூரையில் ஒரு சின்ன ஹீட்டரை மாட்டியதற்குச் சமம். ஜன்னலுக்கென்றால் மேலே கூரை விளிம்பு நிழல் தரும். ஸ்கைலைட்டுக்கு அதுவும் இல்லை. சிட்னியில் டிசம்பர் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 80 பாகை உயரத்தில், நேரே தலைக்குமேல் நிற்கும். ஜூனில் 33 பாகைதான். அதாவது, வேண்டாத காலத்தில்தான் சூடு நிறைய இறங்கும்.

ஆகவே அளவைக் குறையுங்கள். நடை, குளியலறை, உடுப்பு அறை போன்றவற்றுக்குக் குழாய் ஸ்கைலைட் (கூரையிலிருந்து சீலிங்குக்குக் குழாய் வழியாக வெளிச்சம் இறக்குவது) தாராளம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய் 0.05 சதுர மீட்டர்தான். வெளிச்சமோ பகலில் லைட் போடத் தேவையில்லாத அளவுக்கு வரும். பெரிதாகத்தான் வேண்டுமென்றால் இரட்டைக் கண்ணாடி, சூட்டைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சு கேளுங்கள். விற்பவரிடம் இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள்: யூ-வேல்யூ (U-value, கண்ணாடி வழியாக எவ்வளவு சூடு கடந்துபோகும் என்பது), எஸ்எச்ஜிசி (SHGC, வெயில் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது). இரண்டும் குறைவாக இருந்தால் கோடைக்கு நல்லது. திரை போடுவதானால் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

திசையில் ஊர்க் கணக்கு இங்கே சரிவராது. வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்குச் சரிவில் வெளிச்சம் மென்மையாக, ஒரே சீராக இருக்கும். மேற்கு வேண்டவே வேண்டாம். வடக்குச் சரிவைச் சோலார் பேனலுக்கு விட்டுவையுங்கள். பிறகு போடும்போது இடம் தேட வேண்டியிருக்காது.

டவுன்ஹவுஸ் என்றால் கூரை பெரும்பாலும் பொதுச் சொத்து; ஸ்ட்ராட்டா (பொதுச் சொத்தைப் பார்க்கும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கம்) அனுமதி முதலில். பழைய வீடென்றால் வெட்டுமுன் அஸ்பெஸ்டாஸ் (தூசு மூச்சில் போனால் ஆபத்தான பழைய கட்டடப் பொருள்) இருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். நியூ சவுத் வேல்ஸில் கூலியும் பொருளும் சேர்த்து 5000 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு லைசென்ஸ் உள்ளவர் வேண்டும், எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். தெரிந்த அண்ணா மலிவாகச் செய்துதருவார் என்று கூரையில் ஓட்டை போடவேண்டாம். கண்ணாடியைச் சுற்றிய தகரம் சரியாகப் படியாவிட்டால் முதல் பெருமழையிலேயே சீலிங் ஊறும்.

வேலை முடிந்து அவர்கள் ஏணியை மடிக்குமுன், சீலிங் வாசலால் டோர்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஸ்கைலைட்டிலிருந்து சீலிங்குக்கு இறங்கும் பெட்டியின் நாலு பக்கமும் இன்சுலேஷன் சுற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அப்போதே சுற்றச் சொல்லுங்கள்.