மட்டக்குதிரைக்கு வாய்க்கூடு போடும் முறை

பசும்புல்லைக் கண்டால் என் மட்டக்குதிரை நிறுத்தாமல் மேயும். உடல் பெருத்தால் குளம்புக்குள் அழற்சி வரலாம். அந்த வலியில் அது கால் ஊன்றத் தவிப்பதைப் பார்க்க மனம் தாங்காது. அதனால்தான் வாயை மூடி மாட்டும் கூடையான வாய்க்கூடு. அடியிலுள்ள துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புல் கிடைக்கும்.

அளவுதான் முக்கியம். உதட்டுக்கும் கூட்டின் அடிப்பகுதிக்கும் இடையே சுமார் 2 செ.மீ. இடைவெளி வேண்டும், மூக்குப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் தானே அறுந்துவிடும் தலைப்பட்டையையே பயன்படுத்துங்கள். இதில் சமரசமே கூடாது.

முதல் நாள் சில நிமிடங்கள் போதும். துளைக்குள் புல்லைச் செருகிக் காட்டினால் விரைவில் பழகிவிடும். தண்ணீர் குடிக்கிறதா என்று நின்று பாருங்கள். புல் மிகக் குட்டையாக இருந்தால் துளைக்குள் எட்டாது. மிக உயரமாக இருந்தால் மடங்கிவிடும்.

ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் புல்வெளியில் விடாதீர்கள், விட்டதையெல்லாம் சேர்த்து மேய்ந்துவிடும். புல்லில்லாத இடத்தில் கட்டி, அளந்த வைக்கோலோ உலர்புல்லோ கொடுங்கள். தினமும் மூக்கிலும் தாடையிலும் உராய்வுப் புண் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

குளம்பு ஏற்கெனவே சூடாக இருந்தால் வாய்க்கூடு போதாது. புல்வெளியிலிருந்து உடனே வெளியேற்றிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.