செவன் பிளஸ் தேர்வு: பெற்றோர் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் அப்பா தடிமனான ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்தார். மகள் இயர் 1 படிக்கிறாள். ஃபைலுக்குள் பிளாஸ்டிக் உறையில் நான்கு கதைகள். அழகாக டைப் அடித்து, கடினமான சொற்களுக்கு மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். "இந்த நாலையும் மனப்பாடம் பண்ணிட்டா எந்தப் படம் வந்தாலும் சமாளிச்சுடலாம் இல்லக்கா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஃபைலை நானும் தயார் செய்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். லண்டனில் உள்ள பல தனியார் பள்ளிகள் மூன்றாம் வகுப்புக்கு, அதாவது இயர் 3க்கு, தேர்வு வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. அதுதான் செவன் பிளஸ். பிள்ளை இயர் 2 படிக்கும்போது, பெரும்பாலும் இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரிக்குள், ஆறு அல்லது ஏழு வயதில் எழுதுகிறது. எல்ஸ்ட்ரீயில் ஹேபர்டாஷர்ஸ், எட்ஜ்வேரில் நார்த் லண்டன் காலேஜியட், நார்த்வுட் பக்கம் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ், பார்ன்ஸில் செயின்ட் பால்ஸ், விம்பிள்டனில் கிங்ஸ் என்று நம்மவர்கள் பேசிக்கொள்ளும் பெயர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. ஆங்கிலமும் கணக்கும் எங்கும் உண்டு, சில இடங்களில் ரீசனிங்கும், அதாவது யோசித்து விடை கண்டுபிடிக்கும் புதிர்க் கேள்விகளும் உண்டு. அதில் தேறினால் இன்னொரு நாள் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள், மற்ற பிள்ளைகளோடு சேர்த்து ஏதாவது செய்யச் சொல்வார்கள்.

என் இரண்டு பிள்ளைகளும் இதை எழுதினார்கள். அதன்பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நேரத்தோடு தூங்க வையுங்கள், தேர்வன்று திட்டாதீர்கள், கடைசி தேதியைத் தவற விடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தே, நல்லது என்று நம்பியே செய்கிற தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

மனப்பாடக் கதை

ஆங்கிலத் தேர்வில் ஒரு பகுதி கதை எழுதுவது. ஒரு படமோ ஒரு தொடக்க வரியோ கொடுப்பார்கள். இருபது, முப்பது நிமிஷத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நம் வீடுகளில் பெரிய பயம் இந்தப் பகுதிக்குத்தான். கணக்கை நாமே சொல்லிக்கொடுத்து விடுவோம், கதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாது. அப்போதுதான் யாராவது ஒரு டியூஷன் சென்டரில் 'மாடல் கதை' கொடுப்பார்கள்.

நாம் ஏன் அதை உடனே நம்புகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பொங்கல் திருநாளையும் நான் விரும்பும் தலைவரையும் நெட்டுரு போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். நமக்குப் பலன் கொடுத்த வழி அது. பிள்ளைக்கும் கொடுக்கும் என்றுதான் தோன்றும்.

நான் என் மகனுக்கு மூன்று கதைகள் கொடுத்தேன். தங்கச் சாவி, காணாமல்போன நாய்க்குட்டி, புயலில் ஒரு படகு. அக்டோபரிலிருந்து தினமும் ராத்திரி ஒன்றை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 'கிளிசனிங்', 'பெட்ரிஃபைடு' மாதிரி நாலைந்து கனமான சொற்கள் கட்டாயம் வர வேண்டும். ஜனவரியில் தேர்வு எழுதிவிட்டு வந்து காரில் ஏறியவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அம்மா, படத்துல பார்க் பெஞ்சு மேல கிழிஞ்ச சிவப்புக் குடை இருந்துச்சு. நான் தங்கச் சாவி எழுதிட்டேன். குடையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. கடைசி வரியில வெச்சேன்."

பார்க் பெஞ்சில் கிழிந்த குடை. அவன் அதைப் பற்றி எத்தனையோ சொல்லியிருப்பான். எங்கள் வீட்டுக் குடையே காற்றில் மடங்கிப்போய், ஸ்டேஷன் வாசலில் அவனும் அவன் அப்பாவும் நனைந்துகொண்டு நின்ற கதை அவனிடம் இருந்தது. அதை எழுத விடாமல் தடுத்தது நான்.

இது எப்படிப் பிடிபடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். இப்போது சனிக்கிழமைகளில் நானே திருத்துவதால் எனக்கே தெரிகிறது. முதல் இரண்டு வரி பிள்ளையின் சொந்த வரி, எழுத்துப்பிழையோடு இருக்கும். திடீரென்று ஒரு பத்தி ஒரு பிழை இல்லாமல் ஓடும். திரும்பவும் பிழை தொடங்கும். ஒட்டுப்போட்ட துணி மாதிரி தையல் அப்படியே தெரியும். நாலைந்து பிள்ளைகளிடம் பார்க்கும் எனக்கே தெரிகிறது என்றால், நூற்றுக்கணக்கில் திருத்துகிற ஆசிரியருக்குத் தெரியாமல் போகாது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்த மூன்று மாசத்துக்கு முன்னால், பள்ளிவிட்டு நடந்து வரும்போது அவன் வாய் மூடமாட்டான். பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில் எல்லாக் கதையும் வரும். டிசம்பரில் ஒரு நாள் "இன்னைக்கு என்னடா பார்த்தே?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "எது கரெக்ட் ஆன்ஸர்மா?" என்றான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தாலும் அங்கேயும் இதைத்தான் கேட்டிருப்பான். ஒரு பொருளைக் கையில் கொடுத்து "இது என்னவா இருக்கும்?" என்று கேட்கிற இடத்தில், மனசில் பட்டதைச் சொல்கிற பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். நான் அந்தப் பழக்கத்தையே மறக்கடித்திருந்தேன். பழையபடி பேச ஆரம்பிக்க அவனுக்குக் கோடை விடுமுறை வரை ஆனது.

மகள் இயர் 2 வந்தபோது என் அம்மா திருநெல்வேலியிலிருந்து விசிட்டர் விசாவில் ஆறு மாசம் வந்து தங்கியிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தேர்வு முடியும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த முறை நான் கேட்கவில்லை. மகள் தினமும் சாயங்காலம் பாட்டிக்குத் தமிழில் கதை சொல்லியாக வேண்டும். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்: "அவ ஏன் அழுதா?" "கையில என்ன வெச்சிருந்தா?" "நீ அப்ப எங்க நின்னே?" "அப்புறம்?" நான் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதைவிட நல்ல கேள்விகள் இல்லை.

ஒரு நாள் 'காற்று' என்று மட்டும் தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். தோட்டத்து மேஜையில் பாட்டி வேட்டித்துணி விரித்து வடகம் காயவைத்ததை எழுதினாள். காற்று துணியின் ஒரு மூலையைத் தூக்குகிறது, பாட்டி கையால் அழுத்துகிறார், உடனே எதிர் மூலை எழும்புகிறது. 'பாட்டிக்கு இரண்டு கைதான் இருக்கிறது, காற்றுக்கு நிறைய இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கனமான சொல் ஒன்றுகூட இல்லை. 'கார்னர்' என்ற சொல்லில் பிழை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். ஏதாவது ஒரு படம், செய்தித்தாளில் வந்ததானாலும் போதும். முதல் ஐந்து நிமிஷம் பேச்சு மட்டும், எந்த மொழியிலும். யார் இது, இதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது, இப்போது எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று கேட்பேன். பிறகு எழுத்து, நாலு வரி. எழுதும்போது எழுத்துப்பிழை சொல்வதில்லை, முடித்த பிறகு இரண்டு பிழை மட்டும் காட்டுவேன். ரப்பரைத் தள்ளி வைத்துவிடுவேன். ஒரு சொல்லை அழித்து அழித்துத் தாளைக் கிழித்துவிட்டு, மூன்று நிமிஷம் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தப்பானால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகப் பழகட்டும். வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்தால் போதும்.

அந்த அப்பாவிடம் ஃபைலை மூடச் சொன்னேன். மகளைக் கூப்பிட்டு, உறையைக் காட்டி, "இது உள்ள ஒரு எறும்பு மாட்டிக்கிட்டா என்ன பண்ணும்?" என்று கேட்டேன். கால்மணி நேரம் பேசினாள்.

வாய்ப்பாடு தெரியும், அதனால் கணக்கு வரும்

இங்கே இயர் 2 பாடத்திட்டத்தில் இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுதான். 12 வரை முழுவதும் இயர் 4ல்தான் கேட்பார்கள். செவன் பிளஸ் அதைத் தாண்டிப் போகும் என்பது உண்மை, அதனால் நாம் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வைத்துத் திருப்திப்படுகிறோம். பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கே இல்லை.

இதைக் கொடுத்துப் பாருங்கள்: மீனாவிடம் 14 ஸ்டிக்கர் இருக்கிறது, அது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம், இரண்டு பேரிடமும் சேர்த்து எத்தனை? முக்கால்வாசிப் பிள்ளைகள் 19 என்பார்கள். 'அதிகம்' என்றதும் கூட்டிவிடுவார்கள். தம்பியிடம் 9, சேர்த்து 23. கேள்வியை வாசித்துப் படம் போட்டுப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். வேகத்தைக் கடைசி இரண்டு மாசத்தில் கொண்டு வந்துவிடலாம்.

ஆகஸ்டில் பிறந்த பிள்ளையைச் செப்டம்பர் பிள்ளையோடு ஒப்பிடுவது

செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லாம் இங்கே ஒரே வகுப்பு. ஜனவரியில் ஒரே அறையில் எழுதும் இரண்டு பேரில் ஒருவருக்கு 7 வயது 4 மாதம், இன்னொருவருக்கு 6 வயது 5 மாதம். இந்த வயதில் அது பெரிய இடைவெளி. வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்கிறீர்களா என்று சேர்க்கை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். சொல்வார்கள்.

இப்போதைய பள்ளியிடம் மறைப்பது

மறைக்க முடியாது. விண்ணப்பித்த பள்ளியிலிருந்து ரிப்போர்ட் கேட்டு அவர்களுக்கே கடிதம் போகும்.

எட்டு பள்ளிக்கு விண்ணப்பம்

மூன்று போதும். பதிவுக் கட்டணம் திரும்ப வராது, அதைவிட, பிள்ளை நான்காவது தேர்வுக்குப் போகும்போதே களைத்துப்போயிருக்கும்.

வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது

இடம் கிடைத்த சந்தோஷத்தில் பத்துப் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தை யாரும் வாசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டாவது விருப்பமான பள்ளியில் டெபாசிட் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. பிறகு முதல் விருப்பமான பள்ளியின் வெயிட்டிங் லிஸ்ட் நகர்ந்து அங்கே இடம் வந்தது. டெபாசிட்தானே போகும் என்று இதை விட்டார்கள். ஒரு முழு டெர்ம் கட்டணத்துக்குப் பில் வந்தது. தனியார் பள்ளி ஒப்பந்தங்களில் பொதுவாக இந்த ஷரத்து இருக்கும்: விலக வேண்டுமானால் ஒரு டெர்ம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டெர்ம் கட்டணம். பிள்ளை ஒரு நாள்கூட அங்கே போகாவிட்டாலும் அது செல்லும். லண்டனில் பல இடங்களில் ஒரு டெர்ம் 7,000 பவுண்டைத் தாண்டும். 2025 ஜனவரி 1 முதல் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வேறு.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் 'நோட்டீஸ்' என்ற சொல் வரும் ஒவ்வொரு பத்தியையும் வாசித்து, கடைசி தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கட்டண உதவியை நம்பி இறங்குகிறவர்கள் அதையும் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் அதை லெவன் பிளஸில், அதாவது பதினோரு வயதுச் சேர்க்கையில்தான் தருகின்றன, ஏழு வயதில் அரிது.

இதுதான் கடைசி வாசல் என்று வீட்டில் பேசுவது

எட்டு வயதில் சேர்க்கும் பள்ளிகள் உண்டு. பதினொன்றில் உண்டு, பதின்மூன்றில் உண்டு. பார்னெட் குவீன் எலிசபெத்ஸ், ஹென்ரியெட்டா பார்னெட் மாதிரி கட்டணமே இல்லாத கிராமர் பள்ளிகள், அதாவது தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள், பதினோரு வயதுச் சேர்க்கைக்குத்தான் தேர்வு வைக்கின்றன.

முடிவைப் பிள்ளை முன்னால் பார்ப்பது

மின்னஞ்சல் எப்போது வரும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். என் மகனுக்கு வந்தபோது நான் அடுப்படியில் நின்று போனைத் திறந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் முகத்திலேயே படித்துவிட்டான். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து, "சாரிம்மா" என்றான்.

மகளுக்கு வந்த அன்று, மூன்றரை மணிக்கு அவளை அப்பாவோடு நீச்சலுக்கு அனுப்பிவிட்டேன். காரில் தனியாக உட்கார்ந்து திறந்தேன். இரண்டு பள்ளியில் இல்லை, ஒன்றில் இருந்தது. அரைமணி நேரம் கழித்து உள்ளே போய், அவள் திரும்பி வருவதற்குள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.