நடையில் திரும்பாத ஸ்ட்ரெச்சர்

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. கேட்டும் கிரில்லும்தான் சோறு போடுகின்றன. ஸ்ட்ரெச்சர் செய்யும் பைத்தியம் பிடித்தது 2015 வெள்ளத்தில். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். தெருவில் முழங்கால் தண்ணீர், ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டவில்லை. தூக்கி வந்த ஸ்ட்ரெச்சர் எட்டடி நீளம். எங்கள் வீட்டுக் குறுகலான நடையில் திரும்பவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். தலை சாயாமல் தம்பி தாடையைப் பிடித்துக்கொண்டே வந்தான். பாதி வழியில் நாற்காலிக் கை விரிசல் விட்டது.

அதனால் நீங்கள் ஒன்று செய்வதானால், பைப் வாங்குமுன் டேப்பை எடுத்துக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்குங்கள். வாசல், நடை, மாடிப்படித் திருப்பம் எல்லாம் அளக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு 20 அங்குல அகலம் சரிப்பட்டது. நீளத்துக்குக் கைப்பிடியை உள்ளே தள்ளுகிற மாதிரி வைத்தேன்: நீட்டினால் எட்டடி, தள்ளினால் ஆறேகால். நீட்டிய இடத்தில் நிற்க ஒரு பூட்டு ஊசி. அதைச் சின்னச் சங்கிலியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே தொலையும்.

பைப் விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்று அதே அளவில் போட்டேன். ஆள் படுத்ததும் தொட்டில் மாதிரி வளைந்தது. அதே கனத்தில் அது இரும்பைப் போல மூன்று மடங்கு தொய்யும். அலுமினியத்திலேயே ஒன்றரை அங்குலப் பைப், 3 மி.மீ. கனம் எடுத்தால் சரியாக இருக்கும். துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், அதாவது ஜிஐ பைப், வேண்டாம். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அப்புறம் நம் உப்புக்காற்றில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் அலுமினியத்தைத் தொடாமல் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள்.

படுக்கைக்குத் தார்ப்பாய் போடாதீர்கள், தண்ணீர் தேங்கும். தடித்த நைலான் வலையை இழுத்துக் கட்டுங்கள். கண் சிறியதாக இருக்கட்டும், விரல் மாட்டக்கூடாது. நடுவில் இரண்டு குறுக்குக்கம்பி அவசியம். அவை இல்லாவிட்டால் தூக்கியதும் இரண்டு பைப்பும் உள்ளே வந்து, படுத்திருப்பவர் ஏணையில் போட்ட குழந்தை மாதிரி நசுங்குவார். பெல்ட் மூன்று: மார்பு, இடுப்பு, முட்டிக்கு மேல்.

கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் இது ஆகாது. கெட்டிப் பலகை வேண்டும். உயிருக்கு ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் 108 ஆட்கள் வரும்வரை அசைக்காமல் விடுங்கள்.

சோதனைக்கு முதலில் இரண்டு சிமெண்ட் மூட்டை, நூறு கிலோ. நாலு பேர் தூக்கித் தெருவைச் சுற்றி வந்ததும் அவர்கள் உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்திருந்தால் சைக்கிள் கிரிப் மாட்டுங்கள். ஆனால் மூட்டை வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லாது. அதனால் அடுத்து என் மச்சானைப் படுக்க வைத்தேன், ஆள் 94 கிலோ. பத்தடி போவதற்குள், “மாமா, இடுப்புல கம்பி குத்துது, இறக்குங்க!” என்று கத்தினான். குறுக்குக்கம்பியை வலைக்கு நாலு அங்குலம் கீழே வளைத்து இறக்கியது அன்றைக்குத்தான்.