ஐடிஐ முடித்த ஃபிட்டர் ஒருவர் தொழிற்பழகுநர் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

ஐடிஐயில் இரண்டாண்டு ஃபிட்டர் படித்தவர்களில் பலர், தேர்ச்சி பெற்ற கையோடு கிடைத்த ஒப்பந்த வேலையில் சேர்ந்துவிடுகிறார்கள். வீட்டின் பணத்தேவை அப்படி. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி மேலும் ஓராண்டு பயிற்சி பெற்று, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுடன் வெளியே வருபவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. அந்த ஓராண்டை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பெயரைச் சரிபாருங்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஐடிஐ சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் ஊரில் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருக்கும். ஆதாரில் அதுவே தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். விண்ணப்பக் கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்துத் தவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையில் மத்திய அரசு தரும் பங்கு வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவதால், ஆதாரைக் கணக்குடன் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பதிவு

ஐடிஐ முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்ய வேண்டும். டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்ற தனித்தளம் உண்டு. தென்மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பொன்மலைப் பணிமனை போன்ற ரயில்வே இடங்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லை. மதிப்பெண்களைக் கொண்டே பட்டியல் தயாராகிறது. ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு, லெவல் 1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களுக்கான நேரடித் தேர்வில் 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. அதற்குரிய தேர்வை எழுதித் தேற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மதிப்பெண் குறைந்தவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. முப்பது பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே அம்பத்தூர், ஒசூர், கோவைத் தொழிற்கூடங்களிலும் கேட்கலாம். பெரிய பெயர் கொண்ட ஆலையில் ஓராண்டு முழுவதும் ஒரே போல்ட்டை முறுக்குவதைவிட, பழுதுபார்ப்பு, பொருத்துதல், அளவுச் சோதனை எனப் பல பிரிவுகளில் சுற்றவிடும் சிறு நிறுவனமே ஃபிட்டருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம், யார் கற்றுத்தருவார் என்ற இரண்டையும் நேர்காணலிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஒப்பந்தம்

ஒப்பந்தம் தளத்தில் பதிவானதா என்று நீங்களே திறந்து பாருங்கள். பதிவில்லாமல் செய்யும் வேலை சட்டப்படி பழகுநர் பயிற்சி ஆகாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று சட்டம் சொல்வதால், முடித்தவுடன் அங்கேயே வேலை கிடைக்கும் என எண்ணிவிடாதீர்கள். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீடு பெறும் உரிமை மட்டும் தொழிலாளருக்கு உள்ளது போலவே உங்களுக்கும் உண்டு.

ஐந்தாம் படி: தினக்குறிப்பு

மற்ற படிகளில் சிறு பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். இதில் விட்டதைப் பின்னால் பிடிக்க முடியாது. அன்றன்று செய்த வேலை, பயன்படுத்திய கருவி, எடுத்த அளவு, நேர்ந்த தவறு ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். "பேரிங் மாற்றினேன்" என்று எழுதினால் போதாது. தண்டில் (ஷாஃப்ட்) பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியே போய் அவை உருளும் ஓடுபாதையில் தழும்பு விழும் என்று, மூத்த ஃபிட்டர் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். தண்டின் விட்டத்தை 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரில் அளந்தீர்களா, 0.01 காட்டும் மைக்ரோமீட்டரிலா என்பதையும் குறியுங்கள். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்குங்கள். முதல் மாதங்களில் அரமும் துடைப்புத்துணியுமே கையில் தரப்படலாம். அப்போதும் பக்கத்தில் நடக்கும் வேலையைப் பார்த்து எழுதலாம்.

ஆறாம் படி: தேர்வும் அதன் பின்னும்

பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு நடைபெறும். அதில் தேறினால்தான் தேசியச் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், உங்கள் பெயர் தேர்வுக்கு அனுப்பப்பட்டதா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். அதன்பின் வேலை தேடும்போதே பாலிடெக்னிக் பற்றியும் யோசிக்கலாம். ஐடிஐ முடித்தவர்கள் தமிழ்நாட்டில் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழுடன் அந்தத் தினக்குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன வேலை தெரியும் என்று கேட்பவரிடம் கையொப்பமிட்ட பக்கத்தைத் திறந்தே காட்டலாம்.