பழைய முட்டைக் கிண்ணம் வாங்குகிறீர்களா?

அவித்த முட்டையை நிறுத்தி வைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் சின்னப் பீங்கான் கிண்ணம், வேலூர்ப் பக்கம் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும். கடைக்காரர் அதை ஊறுகாய்க் கிண்ணம் என்பார். விலை குறைவாக இருக்கும்வரை நாம் ஏன் திருத்த வேண்டும்?

வாங்குமுன் கிண்ணத்தை உள்ளங்கையில் தளர்வாக வைத்து, விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை போன்ற பழுப்புக் கோடு தெரியும். அடுத்து அடிப்பாகம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அந்த ஆண்டு அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முத்திரை இல்லாததெல்லாம் அதைவிடப் பழையது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

பொன்வரி போட்ட கிண்ணத்தைப் புளி, தேய்க்கும் பொடி பக்கம் கொண்டுபோகாதீர்கள், வரி போய்விடும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும். வெள்ளிக் கிண்ணமானால் சாப்பிட்ட கையோடு கழுவுங்கள், முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் ஒன்றில் ஊக்கு, ஒன்றில் கிராம்பு. நீலப் பூப் போட்டதில் நாலு மல்லிகை. முட்டைக்கு மட்டும் தட்டுதான்.